மஞ்சக்கண்ணியின் முட்டை

பக்கத்து வீட்டு சம்சு பாய் மாடியில் விசில் கேட்டதுமே அமுலு வானத்தை ஒரு தரம் துழாவினாள். வந்துவிட்டது, அவருடைய புறா ஒன்று வந்துவிட்டது. கம்பு டப்பாவைக் குலுக்குகிறார், வா வா வா என்று தொண்டையைக் குழைத்துக் கூப்பிடுகிறார், தகரத்தின்மேல் நகம் பதிகிற சத்தம்கூட இங்கே வரைக்கும் கேட்கிறது. கேட்கட்டும். அவர் புறா அவருக்கு வருகிறது, நமக்கென்ன. அவள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிழல் ஒரு கோரைப்பாய் அகலம்தான், அது நகர நகர அவளும் உட்கார்ந்தபடியே தேய்ந்து தேய்ந்து நகர்ந்துகொண்டிருந்தாள். மடியில் போன், கையில் அவர்கள் வீட்டுக் கம்பு டப்பா, கண் மட்டும் வடக்கே. வடக்க பாரு, வேற எங்கயும் பாக்காத, குடோன் கூரைக்கும் செல்போன் டவருக்கும் நடுவுல ஒரு புள்ளி மாதிரி தெரியும், தெரிஞ்சதும் டப்பாவ ஆட்டு, கத்தாத, நீ கத்துனா அது மெரண்டு இன்னொரு சுத்து சுத்தும் என்று தயாளன் நேற்று லாரி ஏறும்போது திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனான். கிருஷ்ணா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், விடிந்ததும் எல்லாருடைய கூடைகளையும் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். கூடைகளோடு லாரியில் போய்த் திறந்துவிட்டு வருவது புறாப் போட்டிச் சங்கத்தில் முறை வைத்துச் செய்கிற வேலை. இந்தத் தடவை தயாளன் முறை. அதனால் கொருக்குப்பேட்டை மாடியில் காத்திருப்பது அவன் பெண்டாட்டி முறை. புறா வந்து இறங்கினதும் பிடித்து, காலில் போட்டிருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி, உள்பக்கம் இருக்கிற நம்பரைப் போனில் சங்கத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பின நேரம்தான் வந்த நேரம். வந்த புறா கூரைமேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் அது வராத மாதிரிதான். புறா கொட்டாவி விடுமா? விடும், தொண்டையில் நோவு வந்தால் விடும், அதற்கு மருந்து உண்டு. எதற்கெல்லாமோ மருந்து உண்டு.

"இன்னாமா அமுலு," சம்சு பாய் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு கேட்டார், "உங்க மஞ்சக்கண்ணி நெல்லூர்ல எறங்கி சாப்பாடு சாப்புட்டுனு கீதா?" "சாப்டுட்டுத்தான் வரும் பாய். உங்களுது மாதிரி பட்டினியா ஓடியாராது. பாருங்க, நெஞ்செலும்பு துருத்திக்கினு நிக்குது." அவர் பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். அவளோடு பேசும்போது சிரிப்பு வந்தால், பொங்கி வருகிற பாலைச் சட்டென்று இறக்கிவைக்கிற மாதிரி இறக்கிவைத்துவிடுகிறார்கள். சிரிங்களேன், யார் வேண்டாம் என்றது? செய்யாற்றுப் பக்கம் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் சிரித்ததற்காகவே வாரம் தவறாமல் வெயிலில் நின்றவள் அவள். இறங்கின பால் ஆடை கட்டிக் கிடக்கிறது. பால், பால். எந்த வழியாகப் போனாலும் நினைப்பு அங்கேதான் போய் முட்டுகிறது, தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு மாதிரி. கல்யாணமாகி வந்த புதிதில், புறா குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்று தயாளன் சொன்னபோது, டவுன்காரன் நம்மை ஏய்க்கிறான் என்றுதான் நினைத்தாள். எங்க ஊர்ல கோழி மோர் கடையும், வந்து பாருங்க என்றாள். அவன் கூண்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். தாய் வாயைத் திறக்க, கண் திறவாத குஞ்சு அலகை உள்ளே விட்டு உறிஞ்ச, கழுத்துக்குள்ளிருந்து தயிர் போல ஒன்று ஏறி வந்தது. முட்டை பொரிகிற நாள் நெருங்கும்போது இரைப்பையிலேயே அது சுரந்துவிடும், முதல் வாரம் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. "இதுல தமாஷ் இன்னா தெரியுமா, ஆணுக்கும் சுரக்கும். பகல்ல அவன் அடைகாப்பான், ராத்திரி அவ. பால் ரெண்டு பேரும் குடுப்பாங்க." அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு அதையே ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான், நான் மட்டும் புறாவா பொறந்திருந்தா பகல் டூட்டி என்னுது, நீ காலாட்டிக்கினு டிவி பாக்கலாம் என்று. சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா பிடித்துக்கொண்டது. சிரித்தால் உள்ளேயும் ஒரு உதை விழும். அசையுது மாமா, கை வெச்சுப் பாருங்க. அசையுது.

வடக்கே பாரு. குடோன் கூரை வெயிலில் வெந்து, அதற்கு மேலே காற்று நெளிந்தது. நெளிகிற காற்றில் எல்லாம் புள்ளியாகத்தான் தெரிகிறது. ஒரு காகம். கிழிந்த பட்டம் ஒன்று. இன்னொரு காகம். வல்லூறு ஒன்று டவரின் உச்சியில் குடியிருக்கிறது என்று சம்சு பாய் போன வாரம் சொன்னார், அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பயந்து அவள் டவரின் பாதி வரைக்கும்தான் கண்ணை ஏற்றுகிறாள். மஞ்சக்கண்ணிக்கு வல்லூறு புதிது இல்லை. போன வருஷம் வால் இறகு மூன்றைக் கொடுத்துவிட்டு உயிரோடு வந்தவள். மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரிக் கண், அதற்காகத்தான் அந்தப் பேர். ஜோடி கருப்பட்டி, பேருக்கு ஏற்ற நிறம். இந்தத் தடவை அவை போட்ட முட்டை இரண்டும் கூமுட்டை. தயாளன் டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், சிவப்பு நரம்பு ஓடவில்லை, வெளிச்சம் அந்தப் பக்கம் அப்படியே போனது. அமுலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கிப் போட்டிருந்தால் அதுவும் நாலு நாளில் மறந்திருக்கும். போடவில்லை. போட்டி வருதுல்ல, ஒக்காரட்டும் என்றான். அவை உட்கார்ந்தன, பகலில் அவன், ராத்திரி அவள், முறை தவறாமல், உள்ளே ஒன்றுமே இல்லாத இரண்டு முட்டைகளின் மேல். உள்ளே ஒன்றும் இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? நாள் வந்ததும் இரண்டுக்கும் கழுத்து கனத்துவிட்டது, பால் வந்துவிட்டது. அப்புறம்தான் நேற்று மத்தியானம் அந்த வேலையைச் செய்தான். ஒரு முட்டையில் ஊசியால் துளை போட்டு உள்ளே இருந்ததை ஊதி வெளியே தள்ளி, கழுவி, காயவைத்து, முந்தின ராத்திரி ட்யூப் லைட்டில் வந்து விழுந்த கருவண்டு ஒன்றைத் தீப்பெட்டியில் பிடித்துவைத்திருந்தானே, அதை உள்ளே விட்டு, துளையின்மேல் காகிதம் ஒட்டினான். ராத்திரி முழுக்க அந்தத் தீப்பெட்டி அலமாரியில் பிறாண்டிக்கொண்டே இருந்தது, எலி என்று நினைத்து அவள் இரண்டு தரம் எழுந்து பார்த்தாள். "குஞ்சு பொரியற நேரத்துல பிரிச்சு உட்டா பொட்டை உசுரக் குடுத்துப் பறந்து வரும் அமுலு. அதுக்கு நெஞ்சுல முட்டை அசையறது தெரியணும். அவ்ளோதான். பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இப்படித்தான் செய்றாங்க." அந்த முட்டையை மஞ்சக்கண்ணியின் அடியில் வைத்தான். அது ஒரு நொடி விறைத்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கீழே, தன் நெஞ்சுக்குள் கேட்கிற மாதிரிக் கேட்டது. பிறகு தொண்டைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம், அவள் அதுவரைக்கும் எந்தப் புறாவிடமும் கேட்டிராத சத்தம். இறகைப் பரப்பி முட்டையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, முட்டையைக் கூட்டிலேயே விட்டுப் புறாவை மட்டும் தூக்கிக் கூடையில் போட்டான். கூடை அதிர்ந்தது. "பாத்தியா, நல்ல வெறியில கீது" என்று சந்தோஷமாகச் சொன்னான். கூடை மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது அமுலுவின் கைதான். என்ன சொல்வது, நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்க, உங்களுக்கு ஒன்றுமே தோணலையா என்றா? தோணவில்லை. அதுதான் விஷயம். அவனுக்கு அது ஒரு வேலை, நல்லபடியாகச் செய்த வேலை. அவ்ளோதான்.

அவ்ளோதான் என்றுதான் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் சொன்னார்கள். முன்னாடியே வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்மா, கொடி சுத்தியிருக்கு, உங்க தப்பு இல்ல, அவ்ளோதான். அன்றைக்கும் இதே மாதிரி ஒரு போட்டி நாள். இதே மாடி, இதே தொட்டி நிழல். தயாளன் நின்றுகொண்டிருந்தான், அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வெயில் ஏறின பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது, காலையிலிருந்து வயிற்றுக்குள் இவன் சத்தமே இல்லையே என்று. சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். பக்கம் மாறிப் படுத்தாள். தட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு அவ்வளவா அசையல மாமா." அவன் போலாமா என்று கேட்டான். அவள், இருங்க, புறா வரட்டும், அப்புறம் போலாம் என்றாள். அப்படித்தானே? இல்லை, அவள் முதலில் இருங்க என்று சொல்லி, அதற்குப் பிறகு அவன் போலாமா என்று கேட்டானா? இல்லை, தூங்குதுபோல என்று ஒரு பேச்சு நடுவில் வருகிறது, அதைச் சொன்னது யார்? இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி, முன்னால் இழுத்தாலும் கிழிகிறது, பின்னால் இழுத்தாலும் கிழிகிறது. போலாமா என்று கேட்டபோது அவன் கண் வானத்தில் இருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் கண்ணும் வானத்தில்தான் இருந்தது. புறா வந்தது, இந்த மஞ்சக்கண்ணிதான் வந்தது, டப்பா குலுக்கினார்கள், வளையம் கழற்றினார்கள், அடுத்தது வந்தது, அதற்கும் கழற்றினார்கள், பொழுது போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது துணியில் சுற்றினதை அவன் ஆட்டோவில் மடியில் வைத்திருந்தான். அவள் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். புறாவைப் பிடிக்கிற பிடி. அடியில் விரல்கள், மேலே குறுக்காகக் கட்டைவிரல், அழுத்தமும் இல்லை, விட்டுப்போகவும் போகாது. வேறு மாதிரிப் பிடிக்க அந்தக் கைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூண்டைக் கழுவினான். மறுபடி கழுவினான்.

தெருவில் பூக்காரம்மா வந்துவிட்டாள். மல்லீ, மல்லீ என்று அவள் இழுக்கிற இழுப்பு மூன்று மாடி ஏறி வந்தது, கூடவே வாசனையும் வந்த மாதிரி இருந்தது, அமுலு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முன்னே எல்லாம் ஒரு முழம் வாங்காமல் விடமாட்டாள். பால் கட்டிக்கொண்டு ஜன்னி வந்தபோது ஊரிலிருந்து வந்த அம்மா மல்லிகைப்பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள், அப்படிக் கட்டினால் வற்றிவிடுமாம். நனைந்த பூ வெந்து பழுப்பேறி, புளித்த பாலும் மல்லிகையும் சேர்ந்த அந்த வாடை. ராத்திரி தெருவில் எந்த வீட்டிலாவது குழந்தை அழுதால் போதும், ரவிக்கை நனைந்துவிடும். யார் குழந்தை என்று உடம்புக்குத் தெரியாது. அழுகிறது, கொடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மஞ்சக்கண்ணி இப்போது எங்கே பறந்துகொண்டிருக்கிறதோ, அந்தப் பாலையும் சுமந்துகொண்டுதானே பறக்கவேண்டும். கழுத்து கனக்குமே. கொடுக்க வழியில்லாமல் உள்ளேயே திரிந்து கெட்டால் புறாவுக்கும் காய்ச்சல்தான். வெறியில கீதாம். வெறி இல்லை மாமா அது. அதற்குப் பேர் வெறி இல்லை.

போன் அடித்தது. "வந்துச்சா?" என்றான் தயாளன். லாரி இரைச்சல், காலிக் கூடைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். "இல்ல." "இன்னா இல்ல? சம்சு பாயுது மூணு வந்துச்சாமே. வடக்க பாத்தியா, கீழ போய்ட்டியா?" "சோறு திங்கக்கூடக் கீழ போகல மாமா. இங்கயே ஒக்காந்து தேய்ஞ்சு போய்ட்டேன்." "காலையில தொறந்தப்ப மொத கூட்டத்துல அதுதான் எகிறிச்சு, நான் கண்ணால பாத்தேன். ஒரே சுத்து, நேரா தெற்க. இந்நேரம் வந்திருக்கணும்." அவன் குரலில் என்னமோ இறங்கியிருந்தது. "நீ எதுனா சாப்ட்டியா?" "நீங்க?" "அப்புறம்." லாரி இரைச்சலுக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான். "கருப்பட்டி எறங்கிடுச்சா?" "இல்ல, முட்டைமேலயே ஒக்காந்துனு கீது." "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான்.

வெயில் மஞ்சளாகிக் குடோன் கூரை அடங்கியபோது, கூண்டுக்குள் கருப்பட்டி எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து கொண்டிருந்தது. இது பொட்டை வந்து மாற்றிவிடுகிற நேரம். வாசலைப் பார்க்கிறது. முனகுகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து இவன்தான் உட்கார்ந்திருக்கிறான், ராத்திரி முறையும் சேர்த்து, நடுவில் தண்ணீருக்கு மட்டும் இறங்கினான். வந்துடுவா இருடா என்று சொல்லிக்கொண்டே அமுலு உள்ளே குனிந்து போய் அவன் நெஞ்சுக்கு அடியில் கையை விட்டாள். இறக்கையால் அவள் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. அடிக்கட்டும். காகிதம் ஒட்டின முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது, நல்ல சூடு, உயிர் இருக்கிற சூடு. காதில் வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். லேசாக ஆட்டிப் பார்த்தாள், உள்ளே காய்ந்த விதை மாதிரி ஒன்று அந்தப் பக்கம் உருண்டு இந்தப் பக்கம் உருண்டது. மறுபடி காதில் வைத்தாள். பக்கம் மாற்றி வைத்தாள். தட்டினாள், விரல் நுனியால், அன்றைக்குத் தட்டின மாதிரியே. சர்க்கரைத் தண்ணீர் என்று ஒரு நினைப்பு வந்தது, என்ன பைத்தியக்கார நினைப்பு, வண்டுக்குச் சர்க்கரைத் தண்ணீரா. கூண்டின் எச்சத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மஞ்சக்கண்ணி வரும். உயிரைக் கொடுத்துப் பறந்து, கழுத்து கனக்க வந்து, நேரே இங்கே வந்து, தலையைச் சாய்த்துக் கேட்கும். கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கா வரச்சொன்னாய் என்று யாரிடம் கேட்கும்? அவளிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. புறாவுக்குக் கேட்கத் தெரியாது. அதனால்தான் இதெல்லாம் செய்கிறோம்.

மேல் அடுக்கில் சாம்பல் ஜோடிக்குக் குஞ்சு பொரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் முடி சிலிர்த்த இரண்டு சதைத்துண்டுகள், தலையைத் தூக்க முடியாமல் ஒன்றின்மேல் ஒன்று. அமுலு எழுந்து நின்று அவற்றைப் பார்த்தாள். இரண்டில் ஒன்று. அந்தத் தாய்க்கு எண்ணத் தெரியுமா? தெரியாது என்றுதான் தயாளன் சொல்லுவான். ஒரு கூட்டிலிருந்து எடுத்து இன்னொரு கூட்டில் வைப்பது புறா வளர்க்கிறவர்களுக்குள் நடக்கிறதுதான். தெரிந்தால்? தெரிந்தால் என்னைத் திட்டட்டும், இரண்டாவது அதன் அடியில் இருக்கிறதல்லவா, இருக்கிறதைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும், இல்லாதவளுக்கு ஒன்று போகட்டும். நியாயம்தானா என்று தெரியவில்லை. நியாயம் பார்க்கிற நேரமாகவும் இல்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அடியில் விரல்கள், மேலே கட்டைவிரல். அவளுக்கே தெரியாமல் அவள் கையும் அந்தப் பிடியைக் கற்றிருந்தது. கருப்பட்டியின் நெஞ்சுக்கு அடியில் அந்தக் குஞ்சை நுழைத்துவிட்டு, மிச்சமிருந்த கூமுட்டையையும் எடுத்துக்கொண்டு விலகினாள். கருப்பட்டி விறைத்தான். தலையைச் சாய்த்தான். கொத்திவிடுவானோ என்று அவளுக்கு உயிர் போய் வந்தது. அடியில் கீச் என்றது. அவன் மெதுவாக, மிக மெதுவாக, குழந்தை படுத்திருக்கிற பாயில் உட்காருகிற ஆம்பளை மாதிரி, உடம்பை இறக்கி உட்கார்ந்தான்.

"இருட்டிடுச்சுமா," சம்சு பாய் சுவரருகே வந்து நின்றார். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. "புறா இருட்டுல பறக்காது. எங்கனா மரத்துல தங்கிட்டுக் காலையில வந்தாலும் வரும். என்னுது ஒண்ணு ஒருதபா ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு, நடந்தே வந்த மாதிரி." "ஆமா பாய், வரும்" என்றாள் அமுலு. வரும் என்று சொல்லிக்கொண்டே முதல் தடவையாக டவரின் உச்சி வரைக்கும் கண்ணை ஏற்றினாள். அங்கே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

போன் அடித்தபோது அவள் கூண்டுக்குள்தான் இருந்தாள். "வந்துச்சா?" "வரல மாமா." லாரி எங்கேயோ நின்றிருந்தது, இரைச்சல் இல்லை. "கருப்பட்டி எறங்கிடுச்சா?" "எறங்கல. குஞ்சுக்குப் பால் குடுத்துனு கீது." "எந்தக் குஞ்சுக்கு?" "சாம்பல் ஜோடிதுல ஒண்ணு எடுத்து வெச்சேன். முட்டைய எடுத்துட்டேன். அந்த வண்டு செத்துப்போச்சு மாமா. காதுல வெச்சுப் பாத்தேன். அசையல." லைன் போய்விட்டது என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை. "அமுலு," என்றான், யாரோ போல இருந்தது அந்தக் குரல், "அன்னிக்கு நீ சொன்ன ஒடனே நான் செருப்ப மாட்டியிருக்கணும்." "நான்தானே மாமா இருங்கன்னு சொன்னேன்." "நீ சொல்லுவ. புறா வரணும்னு எனக்காகச் சொல்லுவ. நான் அதக் கேட்டிருக்கக் கூடாது." பிறகு அவன் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை. காலிக் கூடைகளுக்கு நடுவே எங்கேயோ இருட்டில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு வருகிற சத்தம். அமுலு அழாதீங்க என்று சொல்லவில்லை. கூண்டு பல்பின் மங்கல் வெளிச்சத்தில் கருப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சின் அலகு முழுக்க அவன் வாய்க்குள் இருந்தது. அவன் தோள் குலுங்கியது, கழுத்து ஏறி இறங்கியது, நெஞ்சு விம்மி விம்மி அடங்கியது, உள்ளே இத்தனை நாள் கட்டிக்கிடந்ததை எல்லாம் மேலே கொண்டுவருவது ஆணுக்கும் அவ்வளவு சுலபமில்லைபோல, உடம்பே ஆடித்தான் வரவேண்டியிருந்தது. குஞ்சின் இரைப்பை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, வெள்ளையாக, ஒரு சின்னப் பை மாதிரித் தெரிய ஆரம்பித்தது. இன்னும் வேண்டும் என்று அது கீச்சிட்டது. அமுலு போனைக் கூட்டின் ஓரமாகக் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"கேக்குதா மாமா?" என்றாள்.

மூக்கை உறிஞ்சிவிட்டு, "கேக்குது" என்றான் தயாளன்.